சிட்டாவைப் போட்டோ எடுத்துத் திரும்பினால் படிவம் காலி: எங்கே போகிறது?

வெண்ணாற்றங்கரை · ஞாயிறு, இரவு 9:52

வணக்கம். மூன்று நாளாக ஒரு சிக்கலில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன், தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊரிலும் சுற்றுவட்டத்திலும் விவசாயிகள் சேர்ந்து நடத்தும் ஒரு குழுவுக்கு வெப் படிவம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். யார் எத்தனை மா சம்பா நட்டிருக்கிறார்கள், என்ன ரகம், எந்தத் தேதியில் நட்டது என்று இப்போதே பதிந்து வைத்தால் தை மாதம் அறுப்பு மிஷினை முறை வைத்து அனுப்பலாம், கடைசி நேரத்தில் அடித்துக்கொள்ள வேண்டாம் என்பதுதான் நோக்கம். ஊருக்கு இரண்டு பேர், எல்லாம் காலேஜ் படிக்கும் பிள்ளைகள், சொந்த போனோடு வீடு வீடாகப் போகிறார்கள். பெயர், தகப்பனார் பெயர், சர்வே எண்கள், பரப்பு, ரகம் எல்லாம் போட்டு முடித்ததும் கடைசியில் சிட்டாவையும் பாஸ்புக் முதல் பக்கத்தையும் போட்டோ எடுக்க வேண்டும்.

பிரச்சினை அங்கேதான். 'போட்டோ எடு' என்று தொட்டால் கேமரா திறக்கிறது, எடுத்துச் சரி போட்டால் படிவத்துக்குத் திரும்பி வருகிறது, ஆனால் எல்லாம் வெறுமை. முதல் கட்டத்திலிருந்து ஒன்றுமில்லை. எல்லா நேரமும் நடப்பதில்லை, அதுதான் இன்னும் குழப்பம்.

வெள்ளிக்கிழமை நானே ஒரு வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். பெரியவர் ஒருவர் பழைய நோட்டு ஒன்றை வைத்துக்கொண்டு, கண்ணாடியை நெற்றிக்கும் மூக்குக்குமாக ஏற்றி இறக்கி, ஏழு சர்வே எண்ணையும் ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னார். பேத்தி தட்டினாள். இருபது நிமிடம் ஆனது. சிட்டாவைத் திண்ணையில் வெளிச்சத்தில் விரித்து வைத்துப் போட்டோ எடுத்தோம், திரும்பி வந்தால் ஒன்றுமில்லை. அவர் கோபப்படவே இல்லை. "இன்னொரு நாள் வாங்க தம்பி, வயல்ல தண்ணி திருப்பணும்" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்குத்தான் அன்று இரவு தூக்கம் வரவில்லை.

என் போனில் ஐம்பது தடவை செய்து பார்த்துவிட்டேன், ஒரு தடவைகூட வரவில்லை. சர்வர் லாகில் ஒரு தவறும் இல்லை, அங்கே எதுவும் வந்து சேரவே இல்லை.

கல்லணைக் கால்வாய் · ஞாயிறு, இரவு 10:10

சிக்னலாக இருக்கும். ஒரத்தநாடு தாண்டி உள்ளே போனால் நான்கு அடி நகர்ந்தால் ஒரு கோடு, உட்கார்ந்தால் அதுவும் இல்லை. நெட் போய் வந்தால் பக்கம் ரீலோடு ஆகிறதோ?

வெண்ணாற்றங்கரை · ஞாயிறு, இரவு 10:31

அப்படித்தான் நானும் நினைத்தேன் அண்ணா. போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு ஐந்து நிமிடம் வைத்திருந்து திரும்ப விட்டேன், படிவம் அப்படியே இருந்தது. நெட் போனால் அனுப்புவதுதான் நிற்கிறது, தட்டியது அழிவதில்லை.

குடமுருட்டி · திங்கள், காலை 6:40

தம்பி, உன் போனில் ரேம் எவ்வளவு, பேத்தியின் போனில் எவ்வளவு? இதை மட்டும் முதலில் சொல்.

வெண்ணாற்றங்கரை · திங்கள், காலை 7:05

என்னுடையது 8 ஜிபி. அந்தப் பெண்ணுடையது 2 ஜிபி, நான்கைந்து வருடம் பழையது. வெறுமையாகிறது என்று சொன்ன மற்ற இரண்டு பேருடைய போனும் 3 ஜிபிதான். இப்போது கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

குடமுருட்டி · திங்கள், காலை 7:48

அப்படியானால் விஷயம் அதுதான். உட்கார்ந்து விளக்கமாக எழுதுகிறேன், பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை விடும் நேரம் என்பதால் இடையில் விட்டுவிட்டு வருவேன்.

நீ 'போட்டோ எடு' என்று தொட்டதும் பிரவுசர் பின்னால் போய்க் கேமரா ஆப் முன்னால் வருகிறது. ஆண்ட்ராய்டைப் பொறுத்தவரை முன்னால் இருக்கும் ஆப்தான் ராஜா, பின்னால் இருப்பதெல்லாம் தேவைப்பட்டால் அகற்றக்கூடியது. கேமரா நினைவகத்தைக் கண்டபடி தின்னும் ஆப். இடம் போதவில்லை என்றால் ஆண்ட்ராய்டு பின்னால் இருப்பவற்றில் ஒன்றைக் கொல்லும், அதில் உன் டேபுக்கான செயல்முறை மாட்டிக்கொள்ளும். சில சமயம் பக்கம் மட்டும் போகும், சில சமயம் பிரவுசரே போகும். போட்டோ எடுத்துத் திரும்பும்போது பிரவுசர் அதே முகவரியை மறுபடி திறந்து காட்டுகிறது. பார்க்கிறவருக்கு அதே பக்கத்துக்கு வந்தது போலத் தெரியும், உண்மையில் அது புதிதாகப் பிறந்த பக்கம். பழைய பக்கம் கேமரா திறந்திருக்கும்போதே இறந்துவிட்டது. எடுத்த போட்டோவும் அதோடு போயிற்று, அதை வாங்கிக்கொள்ள அங்கே யாருமில்லை.

8 ஜிபி போனில் ஏன் வரவில்லை என்பது இப்போது புரியும். உன் போனில் யாரையும் கொல்ல வேண்டிய அவசியமே வருவதில்லை. நம் ஆட்கள் பலரும் செய்கிற தவறு இது, நல்ல போனில் எழுதி நல்ல போனில் சோதித்து, பழைய போன் வைத்திருக்கிறவர் கையில் கொடுத்துவிடுகிறோம். சோதிக்க ஒரு பழைய போனைக் கைவசம் வைத்துக்கொள்.

அடுத்தது, போட்டோவின் கனம். 12 மெகாபிக்சல் படம் கேலரியில் 3 அல்லது 4 எம்பி என்று காட்டும். அதைப் பக்கத்தில் முன்தோற்றமாகக் காட்ட விரித்தால் 4000 பெருக்கல் 3000 புள்ளி, புள்ளிக்கு 4 பைட், மொத்தம் 48 எம்பி. இரண்டு போட்டோ கேட்கிறாய், 100 எம்பியை நெருங்குகிறது. 2 ஜிபி போனில் ஒரு பக்கத்துக்கு அது மிக அதிகம். முதல் போட்டோவில் தப்பித்த படிவம் இரண்டாவது போட்டோவில் போனது என்று உன் பிள்ளைகள் யாராவது சொன்னார்களா?

வெண்ணாற்றங்கரை · திங்கள், மதியம் 1:15

சொன்னார்கள் அண்ணா! "மொதல் போட்டோ வரைக்கும் நல்லாத்தான் இருந்தது" என்று ஒரு பையன் சொன்னான், நான் அவன் எதையோ தவறாகத் தொட்டிருப்பான் என்று நினைத்துவிட்டேன். அவனிடம் இன்று மன்னிப்புக் கேட்க வேண்டும்.

ஒரு சந்தேகம். பிரவுசர் இறந்து திரும்ப எழுந்தாலும் சாதாரணப் படிவங்களில் தட்டியது திரும்பி வருவதைப் பார்த்திருக்கிறேன். என் படிவத்தில் மட்டும் ஏன் வரவில்லை?

குடமுருட்டி · திங்கள், மாலை 5:30

நல்ல கேள்வி. பிரவுசர்கள் படிவக் கட்டங்களில் தட்டியதைத் தங்கள் வரலாற்றுக் குறிப்போடு சேர்த்து வைத்துக்கொள்ளும், பின்னால் போய் முன்னால் வந்தாலோ டேப் மறுபடி திறந்தாலோ அதைத் திரும்ப ஊற்றும். அதைத் தடுக்கிற மூன்று காரியத்தை நாமே செய்கிறோம்.

ஒன்று, ஆட்டோகம்ப்ளீட் ஆஃப். பழைய பெயர்களைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று நினைத்து எல்லோரும் அதைப் போடுகிறோம். அதற்கு இன்னொரு பொருளும் உண்டு, பக்கம் திரும்பி வரும்போது பழைய மதிப்பை நிரப்ப வேண்டாம் என்பதும் அதில் அடக்கம். எச்டிஎம்எல் விதியிலேயே அப்படித்தான்.

இரண்டு, சர்வர் அனுப்பும் கேஷ் கட்டளையில் நோ-ஸ்டோர். லாகின் உள்ள தளங்களில் பல ஃப்ரேம்வொர்க் அதைத் தானாகவே சேர்த்துவிடும். எதையும் வைத்துக்கொள்ளாதே என்று பிரவுசரிடம் நீயே சொல்லிவிட்டு, ஏன் வைத்துக்கொள்ளவில்லை என்று கேட்க முடியாது.

மூன்று, ரியாக்ட் மாதிரி, பக்கத்தை ஸ்கிரிப்டால் கட்டும் கருவி ஒன்றில் எழுதியிருந்தால் கட்டங்கள் பக்கம் வந்து சேர்ந்த பிறகு ஸ்கிரிப்டால் வரையப்படுகின்றன. பிரவுசர் ஊற்றத் தயாராக நிற்கும்போது பாத்திரமே இருக்காது. பாத்திரம் வரும்போது ஸ்கிரிப்ட் தன்னிடம் உள்ள காலி மதிப்பை வைத்துவிடும்.

உன்னிடம் எது இருக்கிறது என்று பார்.

வெண்ணாற்றங்கரை · திங்கள், மாலை 6:02

மூன்றுமே இருக்கிறது.

கோரையாறு · திங்கள், இரவு 8:20

இதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. திருத்துறைப்பூண்டியில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன், இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர். கல்லூரி விண்ணப்பம், வேலை விண்ணப்பம், பயிர் சம்பந்தமான பதிவு எல்லாம் இங்கேதான் வந்து போடுவார்கள். என்னுடையது போன் இல்லை, கம்ப்யூட்டர். ஆனாலும் காலியாகிறது.

ஒரு படிவத்தில் முதல் பக்கம் முடித்து இரண்டாம் பக்கம் வந்திருப்பேன். வந்தவர் தன் மகனிடம் போனில் பேசி மார்க் ஷீட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வார், அது வரும் வரைக்கும் நான் அடுத்தவருக்கு வேறு டேபில் பட்டா எடுத்துக் கொடுப்பேன். கால் மணி கழித்துத் திரும்பினால் டேப் ஒரு நொடி வெள்ளையாகி, முதல் பக்கத்தில் போய் நிற்கும். வந்தவர் என் முகத்தைத்தான் பார்ப்பார், நான் ஏதோ தெரியாமல் அழுத்திவிட்டேன் என்று நினைத்துக்கொள்வார். மறுபடி முதலிலிருந்து போட்டுத் தருவேன், அதற்குக் காசு கேட்க மனசு வராது. நஷ்டம் என்னுடையதுதான்.

குடமுருட்டி · திங்கள், இரவு 9:15

அக்கா, உங்களுடையது அதே குடும்பம், வேறு கிளை. 2022 கடைசியில் குரோம் 108 வந்தபோது மெமரி சேவர் என்று ஒன்றைச் சேர்த்தார்கள். கொஞ்ச நேரம் தொடாத டேபை நினைவகத்திலிருந்து எடுத்துவிடும், பெயர் மட்டும் மேலே வரிசையில் நிற்கும், தொட்டால் புதிதாக ஏற்றும். பாதி நிரப்பிய படிவம் இருந்தால் அந்த டேபை விட்டுவைக்கும் என்று கூகுளின் உதவிப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் நீங்கள் சொல்வதைப் பாருங்கள், இரண்டாம் பக்கம் இப்போதுதான் திறந்திருக்கிறது, அதில் நீங்கள் இன்னும் ஒரு எழுத்தும் தட்டவில்லை. பிரவுசர் கண்ணுக்கு அது யாரும் தொடாத பக்கம். முதல் பக்கத்தில் நீங்கள் பட்ட பாடு அதற்குத் தெரியாது.

உடனே செய்யக்கூடியது: செட்டிங்ஸில் பெர்ஃபார்மன்ஸ் என்ற பகுதிக்குப் போங்கள். மெமரி சேவரை முழுக்க அணைக்க வேண்டாம், உங்கள் கம்ப்யூட்டரும் பழையதாக இருக்கும். எந்தத் தளங்களை எப்போதும் உயிரோடு வைக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் கேட்கும், அடிக்கடி படிவம் போடும் தளங்களை அதில் சேருங்கள். டேபைப் பின் செய்து வைத்தாலும் விட்டுவிடும்.

தம்பிக்கும் இது உதவும். முகவரிப் பட்டியில் chrome://discards என்று தட்டினால் எல்லா டேபும் பட்டியலாக வரும், ஒவ்வொன்றுக்கும் எதிரே டிஸ்கார்ட் என்று ஒரு பொத்தான். படிவத்தைப் பாதி நிரப்பிவிட்டு அதை அழுத்து. திரும்பி வரும்போது என்ன மிச்சம் இருக்கிறதோ அதுதான் உன் படிவத்தின் உண்மையான நிலை. பழைய போனைத் தேடி ஓடாமல் மேசையிலேயே பார்த்துவிடலாம்.

பாமணி · திங்கள், இரவு 10:40

இன்னொரு காரணம் சொல்கிறேன், இதை யாரும் சந்தேகப்படுவதே இல்லை. மொழிபெயர்ப்பு. படிவம் ஆங்கிலத்தில் இருந்தால் குரோம் கீழே தமிழ் வேண்டுமா என்று கேட்கும், நம் மக்கள் சந்தோஷமாகத் தொடுவார்கள். அது பக்கத்தில் உள்ள எழுத்துத் துண்டுகளை எடுத்துவிட்டுத் தன் துண்டுகளை வைக்கிறது. ரியாக்ட் பழைய துண்டு இருக்கிறது என்று நம்பி அதை நீக்கப் போகும், அங்கே இல்லை, பிழை. ரியாக்ட் 16 முதல் பிடிபடாத பிழை ஒன்று வந்தால் முழுப் பக்கத்தையும் கழற்றிவிடும். வட்டம் என்று ஒரு பட்டியலைத் தொட்டதும் திரை வெள்ளையாகிவிட்டது என்று யாராவது சொன்னால் முதலில் கேட்க வேண்டியது, "மொழிபெயர்ப்புப் போட்டிருந்தீர்களா?"

இதற்கு மருந்து மொழிபெயர்ப்பைத் தடுப்பது என்று பலர் எழுதுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மக்கள் தமிழ் கேட்கிறார்கள், தமிழில் எழுதிக் கொடுங்கள். எழுதிவிட்டுப் பக்கத்தின் மொழி தமிழ் என்று எச்டிஎம்எல் தொடக்கக் குறியிலேயே சரியாகக் குறியுங்கள், தமிழ் வேண்டுமா என்று குரோம் கேட்கவே கேட்காது.

அரசலாறு · செவ்வாய், காலை 9:05

தமிழ் என்றதும் எனக்கும் சொல்ல இருக்கிறது. கும்பகோணத்தில் ஒரு அச்சகத்துக்கு ஆர்டர் படிவம் செய்துகொடுத்தபோது பட்டறிந்தது.

தானாகச் சேமிக்கிறேன் என்று பலர் விசை அழுத்தும் நிகழ்வைக் கவனித்து எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் வேலை செய்யும். ஆண்ட்ராய்டில் தமிழ்க் கீபோர்டு எழுத்தைக் கோர்த்துக் கொடுக்கிறது, விசை எண் பெரும்பாலும் 229 என்றுதான் வரும், எந்த விசை என்று தெரியாது. பரிந்துரைப் பட்டியலில் இருந்து ஒரு சொல்லைத் தொட்டாலோ பேசி எழுதினாலோ விசையே இல்லை. இன்புட் என்ற நிகழ்வைக் கேளுங்கள், எந்த வழியாக எழுத்து வந்தாலும் அது வரும். இல்லாவிட்டால் சேமித்துவிட்டோம் என்று நீங்கள் நம்பிக்கொண்டிருப்பீர்கள், பெட்டியில் பாதிப் பெயர்தான் இருக்கும்.

அப்புறம் நீள வரம்பு. 'திருத்துறைப்பூண்டி' நம் கண்ணுக்கு 9 எழுத்து. பிரவுசர் எண்ணுவது 18, புள்ளியும் கொம்பும் தனித்தனி. கட்டத்துக்கு 20 என்று வரம்பு வைத்து அதில் 'திருத்துறைப்பூண்டி வட்டம்' என்று ஒட்டினால் 'திருத்துறைப்பூண்டி வ' என்று நின்றுவிடும், ஒரு எச்சரிக்கையும் வராது. சர்வரில் யூடிஎஃப்-8 பைட்டில் வரம்பு வைத்திருந்தால் இன்னும் மோசம், அந்த ஊர்ப் பெயர் மட்டுமே 54 பைட்.

சர்வே எண்ணுக்கு என்ன வகைக் கட்டம் வைத்திருக்கிறீர்கள்? நம்பர் வகை என்றால் உடனே மாற்றுங்கள். குரோமில் சாய்கோடு ஏறாது, 145/2 என்று தட்டினால் 1452 என்று நிற்கும். காலியானால் தெரிந்துவிடும், இது தெரியவே தெரியாது.

வெண்ணாற்றங்கரை · செவ்வாய், காலை 9:40

சர்வே எண் சாதாரண எழுத்துக் கட்டம்தான், தப்பித்தேன். பரப்புதான் நம்பர் வகை, அதில் மா கணக்கில் போடுகிறார்கள். மூன்று மா ஏறக்குறைய ஒரு ஏக்கர் என்று நான் கீழே காட்டுகிறேன். நீள வரம்பு 25 வைத்திருக்கிறேன், இப்போதே எடுத்துவிடுகிறேன்.

அண்ணா, பக்கத்தை விட்டுப் போகும்போது 'உறுதியா' என்று கேட்கும் பீஃபோர் அன்லோடு எச்சரிக்கை வைத்தால் போதாதா?

குடமுருட்டி · செவ்வாய், இரவு 8:00

போதாது. அது கம்ப்யூட்டரில் யாராவது தெரியாமல் டேபை மூடப்போனால் உதவும். போனில் பின்னால் இருக்கும்போது ஆண்ட்ராய்டு கொல்லும் என்றேனே, அப்போது யாரிடமும் கேட்டுவிட்டுக் கொல்வதில்லை, உன் ஸ்கிரிப்ட் ஓட நேரமே கிடையாது. நம்பக்கூடிய கடைசி நிகழ்வு விசிபிலிட்டி சேஞ்ச். பக்கம் கண்ணிலிருந்து மறையும்போது அது வரும். அதற்குப் பிறகு உனக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு என்று எண்ணாதே.

நான் செய்கிற முறையைச் சொல்கிறேன். இன்புட் நிகழ்வு வந்து அரை நொடி கை ஓய்ந்ததும் முழுப் படிவத்தையும் லோக்கல் ஸ்டோரேஜில், அதாவது பிரவுசருக்குள்ளேயே இருக்கும் சேமிப்புப் பெட்டியில், எழுது. பக்கம் மறையும்போது காத்திருக்காமல் உடனே எழுது. 'போட்டோ எடு' பொத்தானைத் தொட்டதும், கேமரா திறப்பதற்கு முன்பே, இன்னொரு தடவை எழுது. லோக்கல் ஸ்டோரேஜ் எழுதி முடித்துவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போகும், அதனால்தான் இந்த இடத்தில் அது நல்லது. ஆனால் அதில் போட்டோவை வைக்காதே, ஒரு தளத்துக்குச் சுமார் 5 எம்பிதான், நிரம்பினால் பிழை எறியும், அந்தப் பிழையை நீ பிடிக்கவில்லை என்றால் எழுத்தும் சேர்ந்து போகும். போட்டோவை 1600 புள்ளி அகலத்துக்குச் சுருக்கி, பிரவுசரில் உள்ள இன்னொரு பெரிய பெட்டியான இண்டெக்ஸ்டு டிபியில் வை, முன்தோற்றத்துக்கும் சுருக்கியதையே காட்டு. கோப்புக் கட்டத்தில் ஸ்கிரிப்டால் பழைய கோப்பைப் பாதை சொல்லி வைக்க முடியாது, பாதுகாப்புக்காகப் பிரவுசர் விடாது. அதனால் உன் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டி, அனுப்பும்போது அங்கிருந்தே அனுப்பு.

டேப் திறந்திருக்கும் வரை மட்டும் வைத்திருக்கும் செஷன் ஸ்டோரேஜ் போதும் என்று சிலர் சொல்வார்கள். பக்கம் ரீலோடு ஆனால் அது தாங்கும், பிரவுசரே கொல்லப்பட்டால் எல்லாப் போனிலும் திரும்பி வரும் என்று நான் நம்புவதில்லை.

பிள்ளைகள் பக்கத்தின் உச்சியில் விரலால் கீழே இழுக்கும்போது பக்கம் தானாகப் புதுப்பித்துக்கொள்வதும் உண்டு. சிஎஸ்எஸில் ஓவர்ஸ்க்ரோல் பிஹேவியரைக் கன்டெய்ன் என்று வை, 2017-லிருந்தே குரோமில் இருக்கிறது. ஒரு வரி வேலை.

கல்லணைக் கால்வாய் · செவ்வாய், இரவு 8:45

பிள்ளைகள் கையில் இருப்பது அவரவர் போன். எல்லாவற்றையும் சேமித்துவிடு தம்பி, எதையும் விடாதே. மறுபடி ஒருவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்பது எவ்வளவு சங்கடம் என்று நீயே பார்த்துவிட்டாய்.

கோரையாறு · செவ்வாய், இரவு 9:30

அண்ணா, இதில் நான் உடன்படவில்லை. என் சென்டரில் ஒரு நாளைக்கு இருபது முப்பது பேர் ஒரே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து எழுந்து போகிறார்கள். ஒரு படிவம் ஆதார் எண்ணையும் வங்கிக் கணக்கு எண்ணையும் அந்தக் கம்ப்யூட்டரில் எழுதி வைத்தால் அடுத்து உட்காருகிறவர் அதை எடுக்க முடியும். லோக்கல் ஸ்டோரேஜ் பூட்டிய பெட்டி கிடையாது, டெவலப்பர் டூல்ஸைத் திறந்தால் அப்படியே வாசிக்கலாம், எனக்கே தெரிந்த விஷயம் அது. பேத்தியின் போன் என்றாலும் அந்தப் பிள்ளை நாற்பது வீட்டு ஆதாரையும் தன் போனில் சுமந்துகொண்டு பஸ்ஸில் போக வேண்டுமா? போன் தொலைந்தால்?

எங்கள் ஊரில் 2018 நவம்பரில் கஜா அடித்த பிறகு எத்தனை பேர் தங்கள் காகிதங்களை என்னிடம் கொடுத்து நிவாரணத்துக்கும் காப்பீட்டுக்கும் பதிவு செய்யச் சொன்னார்கள் தெரியுமா? ஒரு காகிதம்கூட வெளியே போகக் கூடாது என்று ஒவ்வொரு நகலையும் எண்ணித் திருப்பிக் கொடுத்தேன். படிவம் எழுதுகிறவர்களும் அப்படி எண்ண வேண்டும் என்று கேட்கிறேன்.

கல்லணைக் கால்வாய் · செவ்வாய், இரவு 9:52

அந்தக் கோணத்தில் நான் யோசிக்கவில்லை. நீங்கள் சொல்வது சரி, என் பேச்சைத் திருத்திக்கொள்கிறேன்.

குடமுருட்டி · செவ்வாய், இரவு 10:20

அக்கா சொன்னதோடு நான் முழுக்க ஒத்துப்போகிறேன். சர்வே எண், ரகம், பரப்பு, நட்ட தேதி இவைதான் தட்ட நேரமாகிறவை, போனால் வலிக்கிறவை. அவற்றைச் சேமி. ஆதார் எண் 12 இலக்கம், மறுபடி தட்ட அரை நிமிடம். அதை, கணக்கு எண்ணை, ஓடிபியை எங்கும் எழுதாதே. உன் குழுவுக்கு ஆதார் எண் எதற்கு என்றே எனக்குப் புரியவில்லை, அறுப்பு மிஷின் வருவதற்கு அது தேவையா? பாஸ்புக் படமும் அப்படித்தான், அது வந்தவுடன் சர்வருக்கு அனுப்பிவிட்டுப் போனிலிருந்து அழித்துவிடு.

அனுப்பி முடித்துச் சர்வர் 'கிடைத்தது' என்று சொன்ன பிறகுதான் சேமித்து வைத்த வரைவை அழி, பொத்தானை அழுத்தியவுடன் அழிக்காதே. சென்டர் மாதிரி இடத்துக்கு வரைவைச் சர்வரிலேயே வை. கெஸ்ட் மோடில் வேலை செய்கிற சென்டர்களில் ஜன்னலை மூடியதும் பிரவுசரில் வைத்ததெல்லாம் போய்விடும், அங்கே லோக்கல் ஸ்டோரேஜால் பிரயோஜனம் இல்லை.

இன்னொன்று முக்கியம். வரைவைத் தானாக நிரப்பாதே. முன் வீட்டுக்காரருடைய பாதிப் பதிவு அடுத்த வீட்டுக்காரர் படிவத்தில் வந்து உட்கார்ந்தால், காலியாவதைவிடப் பெரிய கேடு. பெயரையும் நேரத்தையும் காட்டி, தொடரலாமா என்று கேள். ஒவ்வொரு பதிவுக்கும் தனி அடையாளம் கொடு.

வெண்ணாற்றங்கரை · புதன், அதிகாலை 1:10

ஆதார் எண் கட்டத்தை எடுத்துவிட்டேன். எதற்கு வைத்தேன் என்று யோசித்தேன், எல்லாப் படிவத்திலும் இருக்கிறதே என்று நானும் வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். பாஸ்புக்கும் வேண்டாம் என்று குழுத் தலைவரிடம் கேட்டுவிட்டேன், அவரும் சரி என்றார். அதனால் இப்போது போட்டோ ஒன்றே ஒன்றுதான், சிட்டா.

போட்டோவைப் படிவத்தின் கடைசியிலிருந்து முதலுக்குக் கொண்டுவந்துவிட்டேன். கேமரா திறக்கும்போது பிரவுசர் செத்தாலும் அப்போது இழக்க எதுவும் தட்டியிருக்க மாட்டார்கள். இது இவ்வளவு எளிது என்று தெரியாமல் மூன்று நாள் அலைந்தேன்.

டிஸ்கார்ட்ஸ் பக்கத்தில் முதலில் பழைய படிவத்தை வைத்துப் பார்த்தேன், வெறுமை. புதியதை வைத்துப் பார்த்தேன், பெயரும் நேரமும் காட்டித் தொடரலாமா என்று கேட்டது. ஒவ்வொரு தடவை பக்கம் பிறக்கும்போதும் மறையும்போதும் நேரத்தைக் குறித்து வைக்கிறேன், மறைந்ததற்கும் பிறந்ததற்கும் இடையில் யாரும் ரீலோடு தொடவில்லை என்றால் கொன்றது ஆண்ட்ராய்டு என்று தெரிந்துவிடும்.

குடமுருட்டி · புதன், காலை 6:15

வரைவோடு படிவத்தின் பதிப்பு எண்ணையும் எழுதி வை. நாளைக்கு நீ ஒரு கட்டத்தைச் சேர்த்தாலோ நீக்கினாலோ பழைய வரைவு புதிய படிவத்தில் தவறான இடத்தில் போய் உட்காரும்.

கோரையாறு · புதன், காலை 10:30

தளங்களைப் பட்டியலில் சேர்த்துவிட்டேன், நேற்று மாலையிலிருந்து ஒன்றும் போகவில்லை. இனி இரண்டாம் பக்கம் வந்ததும் முதல் கட்டத்தில் ஒரு எழுத்தாவது தட்டிவிட்டுத்தான் வேறு டேபுக்குப் போவேன்.

வெண்ணாற்றங்கரை · பதினொரு நாள் கழித்து, ஞாயிறு இரவு 9:20

யாராவது பின்னால் இதே பிரச்சினையோடு தேடி வந்தால் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

பெரியவர் வீட்டுக்கு நேற்று மறுபடி போனோம். அதே திண்ணை, அதே நோட்டு. சிட்டாவை முதலில் எடுத்துவிட்டோம். ஐந்தாவது சர்வே எண் வரும்போது பேத்திக்கு ஒரு போன் அழைப்பு வந்தது, பேசிவிட்டு வாட்ஸ்அப்பில் யாருக்கோ பதில் போட்டுவிட்டுத் திரும்பினாள். பக்கம் ஒரு நொடி வெள்ளையானது. பெரியவர் நோட்டை மூடப் போனார். திரையில் அவர் பெயரும் 'பத்து நிமிடத்துக்கு முன், 5 சர்வே எண்கள், தொடரலாமா' என்றும் வந்தது. அவள் தொடர் என்று தொட்டாள், ஐந்தும் இருந்தன, சிட்டா படமும் இருந்தது. "ஆறாவது சொல்லுங்க தாத்தா" என்றாள். லாகைப் பிறகு பார்த்தேன், கொன்றது ஆண்ட்ராய்டுதான்.

பாக்கி இருப்பது ஒன்று. சில போன்களில் போட்டோ எடுக்கும்போதே பிரவுசர் போனால் அந்தப் படத்தை மட்டும் மறுபடி எடுக்க வேண்டியிருக்கிறது. கேமரா ஆப்புக்குப் போகாமல் பக்கத்துக்குள்ளேயே கேமராவைத் திறந்து எடுக்கிற முறையை எழுதிக்கொண்டிருக்கிறேன். அறுப்பு தொடங்குவதற்குள் முடித்துவிட்டு இங்கே போடுகிறேன்.